மேகத்துக்குள் நுழையும் சிறு விமானங்கள்: ‘மோசமான வானிலை’ விபத்துகளில் உண்மையில் நடப்பது என்ன?

சிறிய விமானம் ஒன்று விழுந்ததும், முதல் நாள் செய்தியிலேயே ‘மோசமான வானிலை காரணமாக இருக்கலாம்’ என்ற வரி வந்துவிடும். படிப்பவர்களின் மனதில் இடி, மின்னல், சூறைக்காற்று எல்லாம் ஓடும். காற்று விமானத்தைப் பிடித்துக் கீழே அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து வரும் விசாரணை அறிக்கையைப் புரட்டினால், பல சமயம் வேறொரு படம் தெரியும். இன்ஜின் கடைசி நொடிவரை ஓடியிருக்கும். எரிபொருள் போதுமான அளவு இருந்திருக்கும். இறக்கையிலும் வாலிலும் முன்கூட்டியே எந்தப் பழுதும் இருந்திருக்காது. புயல்கூட வீசியிருக்காது. தாழ்வாகத் தொங்கிய மேகம், மூடுபனி, அல்லது இரவில் கடல்மேல் படர்ந்த லேசான புகைமூட்டம், அவ்வளவுதான்.

நன்றாக ஓடும் இன்ஜினோடு, நல்ல நிலையில் உள்ள விமானம் ஏன் தரையில் வந்து மோத வேண்டும்? அந்தக் கேள்விக்கான பதில் வானத்தில் பாதி, விமானியின் காதுக்குள் மீதி இருக்கிறது.

கண்ணை நம்பிப் பறப்பது, கருவியை நம்பிப் பறப்பது

உலகம் முழுக்க விமானம் ஓட்டுவதற்கு இரண்டு விதித் தொகுப்புகள் உண்டு.

முதலாவது வி.எஃப்.ஆர். வெளியே பார்த்து ஓட்டும் முறை. தொடுவானம் தெரிகிறது, தரை தெரிகிறது, எதிரே வரும் விமானம் தெரிகிறது. அதை வைத்து விமானத்தை நேராக வைத்துக்கொள்வது. தனியார் விமானி உரிமம் வாங்கும் ஒருவர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

இரண்டாவது ஐ.எஃப்.ஆர். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், காக்பிட்டில் உள்ள கருவிகளை மட்டும் பார்த்து, தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியோடு குறித்த பாதையில் பறப்பது. இதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு, தனித் தகுதி வேண்டும்.

கண்ணால் பார்த்துப் பறக்க வானம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுவான அளவுப்படி, 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும், மேலும் கீழும் 1,000 அடியும் தள்ளி இருக்க வேண்டும். தாழ்வான உயரங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. நாட்டுக்கு நாடு எண்களும் கொஞ்சம் மாறும். இந்த அளவுக்குக் கீழே போய்விட்ட வானிலைக்கு ஐ.எம்.சி. என்று பெயர். அதாவது, கருவி இல்லாமல் பறக்கக் கூடாத நிலை.

5 கிலோமீட்டர் என்றால் நிறைய என்று தோன்றும். 120 நாட் வேகத்தில் போகும் நான்கு இருக்கை விமானம் நிமிடத்துக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர் கடக்கும். ஆக, கண்ணுக்குத் தெரியும் எல்லை முழுவதும் 80 நொடிப் பயணம். தெரியும் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டராகச் சுருங்கினால் 24 நொடி. அதற்குள் எதிரே வருவது மேகமா, மலையா என்று முடிவு செய்து திரும்பியாக வேண்டும்.

பெரிய பயணிகள் விமானத்தில் போகும்போது மேகத்துக்குள் புகுந்து வெளியே வருவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே இரண்டு விமானிகள், எப்போதும் ஐ.எஃப்.ஆர்., மூக்கில் வானிலை ரேடார், இறக்கையில் பனி உருக்கும் அமைப்பு, தரையில் இருந்து பயணத்தைக் கண்காணிக்கும் குழு என்று எல்லாம் இருக்கும். பயணத்தின் பெரும்பகுதி 30,000 அடிக்கு மேலே, வானிலையின் பெரும்பகுதியைத் தாண்டியே நடக்கும். சிறு விமானம் அந்த வானிலைக்கு உள்ளேயேதான் பறக்கிறது. பெரும்பாலும் ஒரே விமானி; அவரே வரைபடம் பார்ப்பார், அவரே ரேடியோவில் பேசுவார், அவரே வானிலையையும் கணிப்பார்.

காது சொல்லும் பொய்

உடல் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: கண், உள்காது, தசைகளும் மூட்டுகளும் தரும் அழுத்த உணர்வு. இதில் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை. கண் போய்விட்டால் மற்ற இரண்டும் மேடையைப் பிடித்துக்கொள்ளும். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. ஒவ்வொன்றிலும் திரவம். தலை திரும்பும்போது குழல் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை நுண்மயிர்கள் உணர்ந்து ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் சொல்லும். தரையில் நடக்கவும் ஓடவும் இது அற்புதமான ஏற்பாடு. விமானத்தில் இரண்டு ஓட்டைகள் தெரியும்.

முதல் ஓட்டை: விமானம் மிக மெதுவாகச் சாய்ந்தால், அதாவது நொடிக்கு சுமார் இரண்டு டிகிரிக்கும் குறைவாக, குழல்களுக்கு அது தெரிவதே இல்லை. விமானி வரைபடத்தைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் இறக்கை 20 டிகிரி சாய்ந்திருக்கும். உடல் நேராகவே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், 10 முதல் 20 நொடிக்குள் திரவம் குழலின் வேகத்தைப் பிடித்துவிடும். வித்தியாசம் மறைந்துபோகும். ‘திரும்பவில்லை, நேராகப் போகிறோம்’ என்று காது சொல்லும். அப்போது விமானி கருவியைப் பார்த்துச் சரியாக நேர்ப்படுத்தினால், எதிர்ப்பக்கம் சாய்வது போல ஓர் உணர்வு அடிக்கும். அந்த உணர்வுக்குப் பணிந்து பழைய சாய்வுக்கே திரும்பிவிடுவார்.

இருக்கையின் அழுத்தமும் உதவாது. சீரான திருப்பத்தில் உடல் எப்போதும் இருக்கைக்கு நேர் கீழ்நோக்கியே அழுத்தப்படும். கப்பில் உள்ள தண்ணீர்கூடச் சாயாது. முன்னோக்கி வேகம் பிடிக்கும்போது மூக்கு மேலே தூக்குவது போல ஒரு பிரமையும் வரும். இரவில் இருண்ட கடலை நோக்கிக் கிளம்பும் விமானி அதை நம்பி மூக்கைக் கீழே தள்ளினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் திறமை இல்லாதவர்களுக்கு மட்டும் வரும் குறை கிடையாது. காது இருக்கிற எல்லோருக்கும் வரும். 1920களிலேயே அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு உணர்வை நம்பிப் பறக்க யாராலும் முடியாது என்று சக விமானிகளுக்கு அதே நாற்காலியை வைத்துக் காட்டினார். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில், மூடப்பட்ட காக்பிட்டுக்குள் இருந்து கருவிகளை மட்டும் பார்த்துக் கிளம்பி, பறந்து, தரையிறங்கினார். விமானத்தின் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் செயற்கைத் தொடுவானம் என்ற கருவி அந்தப் பயணத்தில்தான் தன்னை நிரூபித்தது. தீர்வு கிடைத்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் உறுத்துகிற சங்கதி.

சுழல் உருவாகும் வரிசை

கருவிப் பயிற்சி இல்லாத விமானி மேகத்துக்குள் புகுந்தால் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசையில் இருக்கும்.

1. தொடுவானம் மறைகிறது. விமானி பதற்றத்தில் வெளியே எதையாவது தேடுகிறார். அந்தச் சில நொடிகளில் ஓர் இறக்கை மெல்லத் தாழ்கிறது. காது கண்டுகொள்வதில்லை.

2. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது. எடையைத் தாங்க மிச்சம் போதவில்லை. மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது.

3. உயரம் குறைவதையும் இன்ஜின், காற்றின் இரைச்சல் கூடுவதையும் விமானி கவனிக்கிறார். அவருக்குத் தெரிந்தவரை விமானம் நேராகத்தான் இருக்கிறது. கீழே மட்டும் இறங்குகிறது. ஆகவே கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறார்.

4. நேராக இருக்கும் விமானத்தில் இழுத்தால் மூக்கு மேலே வரும். சாய்ந்த விமானத்தில் இழுத்தால் திருப்பம்தான் இறுகும். சாய்வு கூடுகிறது, இறக்கம் கூடுகிறது, அவர் இன்னும் இழுக்கிறார்.

5. முடிவு இரண்டில் ஒன்று: சுழன்றபடியே தரையில் மோதுவது, அல்லது வேகமும் இழுவிசையும் தாங்காமல் வானத்திலேயே இறக்கையோ வாலோ முறிவது.

முதலில் இறக்கைகளை நேராக்கி, இன்ஜின் வேகத்தைக் குறைத்து, பிறகு மெதுவாக இழுத்தால் இதிலிருந்து மீளலாம். ஆனால் சாய்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால்தானே நேராக்க முடியும்?

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவருக்கு 20 நொடி, நன்றாகத் தாக்குப்பிடித்தவருக்கு 480 நொடி. சராசரி 178 நொடி. விமானிகள் வட்டாரத்தில் இந்த எண் இன்றும் பயமுறுத்தப் பயன்படுகிறது. ஆனால் ஆய்வின் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே ஆட்களுக்குக் கருவியைப் பார்த்து நிதானமாக 180 டிகிரி, அதாவது அரைவட்டம், திரும்பி வந்த வழியே வெளியேறும் உத்தியைச் சொல்லிக்கொடுத்தபோது, கிட்டத்தட்ட எல்லோராலும் அதைச் செய்ய முடிந்தது.

அறிக்கைகளில் பதிவான மூன்று பயணங்கள்

1959 பிப்ரவரி 3. அமெரிக்காவின் அயோவா மாநிலம். இசைக்கலைஞர் பட்டி ஹாலியும் இரு சக கலைஞர்களும் நள்ளிரவுக்குப் பின் ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சாவில் கிளம்பினார்கள். இளம் விமானிக்குக் கருவித் தகுதி இல்லை. வழியில் வானிலை கெடுவது பற்றிய இரண்டு எச்சரிக்கைகள் அவருக்குச் சொல்லப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து சில மைல் தூரத்தில் வயலில் விழுந்தது, நால்வரும் இறந்தார்கள். சிதைந்த காக்பிட்டில் முட்கள் நின்ற இடம் பதிவாகியிருக்கிறது: வேகம் மணிக்கு 165 முதல் 170 மைலுக்கு இடையில், இறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 3,000 அடி, வலப்பக்கம் 90 டிகிரி சாய்வு. அந்த விமானத்தில் இருந்த தொடுவானக் கருவி, ஏறுவதையும் இறங்குவதையும் அவர் பழகியிருந்த கருவிக்கு நேர் எதிராகக் காட்டும் வகை என்பதையும் விசாரணையாளர்கள் குறிப்பிட்டார்கள்.

1999 ஜூலை 16. ஜான் எஃப். கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் பைப்பர் சரடோகா விமானத்தில் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவை நோக்கிப் பறந்தார். மேகமும் இல்லை, மழையும் இல்லை. இருட்டு, கீழே கடல், நடுவில் புகைமூட்டம். வானிலை அறிக்கைகளின்படி கண்ணால் பார்த்துப் பறக்க அனுமதி உள்ள இரவுதான். ஆனால் கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்பது தெரியாத இரவு. கடைசி நொடிகளில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் அதிகமான வேகத்தில் இறங்கியது. விமானத்தைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட் அதில் இருந்தது. அளவுக்குள் இருக்கும் வானிலையும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

2020 ஜனவரி 26. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் சென்ற ஹெலிகாப்டர், கலிஃபோர்னியாவின் கலபாசஸ் மலைச்சரிவில் மோதியது. இந்த விமானிக்குக் கருவித் தகுதி இருந்தது; 8,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவம். ஆனால் அவரது நிறுவனத்துக்கு ஐ.எஃப்.ஆர். முறையில் பறக்க அனுமதி இல்லை. மேகத்துக்குள் ஏறியபோது 4,000 அடிக்கு ஏறுவதாக ரேடியோவில் சொன்னார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பியபடி இறங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை, ஏறுவதாகவே அவர் உடல் அவருக்குச் சொல்லியிருக்கும். யாரும் அவரை வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. பயணத்தை முடித்தாக வேண்டும் என்ற அழுத்தம் அவரே தனக்கு ஏற்றிக்கொண்டது என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு.

இன்னொரு வகை: கட்டுப்பாட்டில் இருந்தபடியே மோதுவது

மேகத்துக்குள் போகாமல், மேகத்துக்கும் தரைக்கும் நடுவே நுழைந்து போய்விடலாம் என்று சிலர் முயல்வார்கள். மேகம் தாழத் தாழ, இவரும் தாழ்வார். பள்ளத்தாக்கில் இது பொறி. முன்னே மேகம் மலையைத் தொட்டிருக்கும். திரும்ப அகலம் போதாது. கட்டுப்பாடு விமானி கையில்தான் இருக்கும். ஆனால் எதிரே இருப்பது தெரியாது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததற்கு விசாரணை தந்த விளக்கமும் இந்த வகையே: பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, தரையில் மோதியது.

எந்த வகையானாலும் மோதும்போது வேகம் அதிகம். பொதுவாகச் சிறு விமான விபத்துகளில் ஐந்தில் ஒன்று அளவில்தான் உயிரிழப்பு இருக்கும். வி.எஃப்.ஆர். பயணம் ஐ.எம்.சி.க்குள் போய் நடக்கும் விபத்துகளில் இது தலைகீழ்: ஐந்தில் நான்குக்கும் மேல் உயிர்ப்பலி.

பனியும் இடிமேகமும்

வானிலை நேரடியாகவே விமானத்தைத் தாக்கும் வகைகளும் உண்டு.

உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள் மேகத்தில் மிதக்கும். இறக்கை பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எடை கூடுவது இதில் சின்னப் பிரச்சினை. இறக்கையின் வடிவம் கெடுவதுதான் பெரியது. மணல்தாள் அளவுச் சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம்வரை குறைத்து, இழுவையை 40 சதவீதம்வரை கூட்டிவிடும். பெரும்பாலான சிறு விமானங்களில் பனியை அகற்றும் கருவி கிடையாது.

கார்புரேட்டர் பனி இன்னும் நயவஞ்சகமானது. எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகலில் விரையும்போதும் வெப்பம் சட்டென்று விழும். அதனால் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஈரமான நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டி, இன்ஜின் மூச்சுத் திணறும். கார்புரேட்டர் வெப்பக் குமிழை உடனே இழுத்தால் சரியாகிவிடும். மறந்தால் இன்ஜின் நிற்கும். மோதிய பிறகு பனி உருகிவிடுவதால் விசாரணையில் தடயமும் கிடைக்காது.

இடிமேகத்தைப் பற்றி ஒரே ஒப்பீடு போதும். செஸ்னா 172 என்ற சிறு விமானம் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி ஏறும். இடிமேகத்தின் அடியில் விழும் குறுங்காற்றுச் சரிவு நிமிடத்துக்கு 6,000 அடிவரை கீழே தள்ளக்கூடும். கடுமையான இடிமேகத்துக்கு 20 நாட்டிகல் மைல் தள்ளியே போ என்று பாடம் சொல்வது இதனால்தான்.

தெரிந்தே ஏன் போகிறார்கள்?

முழு முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் வானிலை சுவர் மாதிரி வந்து நிற்பதில்லை. 10 கிலோமீட்டர் தெரிந்தது எட்டாகும், எட்டு ஆறாகும். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் மோசம். திரும்ப வேண்டிய கணம் என்று எதுவும் மணி அடித்துச் சொல்லாது. பயணத்தின் முக்கால்வாசி கடந்த பிறகு திரும்புவது, கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் திரும்புவதைவிட மனதுக்குக் கஷ்டம். அப்புறம், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு காத்திருக்கிறார்கள்.

தகவலிலும் ஓட்டைகள் உண்டு. மெட்டார் என்ற வானிலை அறிக்கை ஒரு விமான நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையை மட்டும் சொல்லும். டாஃப் என்ற முன்னறிவிப்பு நிலையத்தைச் சுற்றிச் சில மைல்களுக்குத்தான் பொருந்தும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் உள்ள மலைக்கணவாயைப் பற்றி இரண்டுமே பேசாது. கைக்கணினியில் வரும் ரேடார் படத்தை நம்பி மழைகளுக்கு நடுவே சந்து தேடுபவர்களுக்கு 2012இல் அமெரிக்க வாரியம் ஓர் எச்சரிக்கை விட்டது: திரையில் ‘ஒரு நிமிடம் பழையது’ என்று காட்டினாலும், மோசமான சூழலில் அந்தப் படம் அதைவிட 15 முதல் 20 நிமிடம் பழையதாக இருக்கலாம். அதற்குள் அந்தச் சந்து மூடியிருக்கும்.

மாட்டிக்கொண்டால் உள்ள வழிகள்

நொடிக்கு மூன்று டிகிரி என்ற நிதான விகிதத்தில் திரும்பினால் 180 டிகிரிக்கு ஒரு நிமிடம் போதும். கண் தொடுவானக் கருவியில் மட்டும் இருக்க வேண்டும். இன்றைய பல சிறு விமானங்களில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஆட்டோபைலட் இறக்கைகளைத் தானே நேராக்கிவிடும். சிரஸ் விமானங்களில் முழு விமானத்தையும் இறக்கும் பாராசூட் உண்டு. 2020 முதல் சில விமானங்களில், விமானி செயலிழந்தால் தானே தரையிறக்கும் அமைப்பும் வந்துவிட்டது. இவற்றை விட மலிவான வழி, ரேடியோவில் உண்மையைச் சொல்லி உதவி கேட்பது. தண்டனைக்குப் பயந்து பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்; கட்டுப்பாட்டாளர் திசையும் உயரமும் சொல்லி வெளியே கொண்டுவந்த சம்பவங்கள் நிறைய உண்டு.

அடுத்த முறை செய்தியில் வரும்போது

சர்வதேச விதிப்படி முதல்கட்ட அறிக்கை சுமார் 30 நாட்களில் வரும். அதில் பார்க்க வேண்டியவை:

1. விமானிக்குக் கருவித் தகுதி இருந்ததா? இருந்தால், கடைசியாக எப்போது அதைப் பயன்படுத்தினார்?

2. பயணம் வி.எஃப்.ஆரா, ஐ.எஃப்.ஆரா? வி.எஃப்.ஆர். என்றால், வழியில் இருந்த நிலையங்களின் மெட்டார் என்ன சொன்னது, அது எத்தனை மணிக்கு எடுத்தது?

3. வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு நெருங்கியிருந்தன? இரண்டும் ஒட்டிவிட்டால் மூடுபனி வரப்போகிறது என்று பொருள்.

4. ரேடார் காட்டும் கடைசிப் பாதையின் வடிவம். உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும் வளைவு என்றால் விமானி திசையுணர்வை இழந்திருக்கலாம். மாறாத வேகத்தில் நேர்கோடாகப் போய் மலையில் முடிந்தால், மலை அங்கே இருப்பது அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.